அவன் வேர்வைதான் துடைத்தான்

அந்தச் சுவரில் சாயாதீர். இந்தப் பக்கம் வாரும், பெஞ்சில் இடம் இருக்கிறது.

கோபமில்லை. என் பேச்சே அப்படித்தான். நீர் சாய்ந்தால் சத்தம் அடைபடும், அதற்காகச் சொன்னேன். என்ன சத்தம் என்று பிறகு சொல்கிறேன்.

வெள்ளை அடிக்காமல் ஒரு சதுரம் விட்டிருக்கிறதே என்று பார்க்கிறீர். நான்தான் விடச் சொன்னேன். பனைவெல்லச் சங்கத்துக் கட்டடம் இது. சங்கம் மூடிக் கிடக்கிறது. தேர்தலுக்குத் தேர்தல் எவனாவது வாளியோடு வருவான். சுற்றி அடித்துக்கொள், இதில் கை வைக்காதே என்பேன். வைக்கமாட்டான். வட்டம் வட்டமாகச் சிவப்பாகத் தெரிகிறதா. பந்து பட்ட தடம். எங்கள் மண் தேரி மண், செக்கச்செவேல் என்று இருக்கும். பந்தில் ஒட்டினால் சுவரிலும் ஒட்டும். எத்தனை மழை பெய்தது, போகவில்லை.

பஸ் வரும். நாலு மணி வண்டி என்றைக்கு நாலு மணிக்கு வந்தது. உட்காரும்.

நீர் வெளியூர்தானே. நல்லது. உள்ளூர்க்காரனிடம் இதைக் கேட்க முடியாது, ஒவ்வொருவனும் ஒரு கட்சி. உம்மிடம் ஒரு தீர்ப்புக் கேட்பேன். முழுதும் கேட்டுவிட்டுச் சொல்லும். நடுவில் பேசாதீர்.

வாலிபால் பார்ப்பீரா?

கிரிக்கெட்டா. சரி, அது உம்ம தலையெழுத்து.

சுருக்கமாகச் சொல்கிறேன். பந்து வலையைத் தாண்டி வரும். பின்னால் நிற்கிறவன் எடுப்பான். நடுவில் ஒருவன் அதை விரல் நுனியில் வாங்கி வலைக்கு மேலே தூக்கிக் கொடுப்பான். மூன்றாவது ஆள் ஓடிவந்து அடிப்பான். ஊர் அடிக்கிறவன் பெயரைத்தான் சொல்லும். ஆட்டம் இருப்பது தூக்கிக் கொடுக்கிறவன் கையில். செட்டர் என்பார்கள். பந்து அவன் ரெண்டு கையிலும் ஒரே சமயத்தில் படவேண்டும். ஒரு கை முந்தி, ஒரு கை பிந்திப் பட்டால் ரெண்டு தொடுதல். தப்பு. பாயிண்ட் எதிராளிக்குப் போய்விடும். சொல்ல எளிது. பார்ப்பது கஷ்டம். இமைப்பதற்குள் பந்து போயிருக்கும்.

புளியடிவிளைக்கு, அதாவது இந்த ஊருக்கு, செட்டர் கனிராஜ். என் தங்கை ஞானத்தின் ஒரே மகன். என் மகள் எப்சிபாவை அவனுக்குத்தான் பேசி வைத்திருந்தோம். அவள் ரெட்டைச் சடை போட்ட காலத்துப் பேச்சு. இரண்டு பேருக்கும் இஷ்டம்தான்.

அவன் ஆட்டம் எப்படி என்று கேளும். கையிலிருந்து போகிற பந்து சுற்றாது. மற்றவன் கொடுத்தால் பந்து மேலே போகும்போது கிறுகிறுவென்று சுற்றும். இவன் கொடுத்தால் சும்மா போய் நிற்கும். பந்தில் அச்சடித்த கம்பெனிப் பெயரைக் கீழே இருந்து வாசிக்கலாம். நான் வாசித்திருக்கிறேன். எங்களுக்கு அடிக்கிறவன் லாசர். லாசர் நின்று நிதானமாக வாசித்து முடித்துவிட்டுத்தான் அடிக்கிறான் என்று கேலி பேசுவோம்.

அது சிலபேருக்குப் பொறுக்கவில்லை. எதிரே பூட்டிக் கிடக்கிறதே, அது அப்போது டீக்கடை. பேச்செல்லாம் அங்கேதான். மில் குலசேகரன் என்று ஒருவர், மாவு மில் வைத்திருந்தார். எங்கள் ஊர்தான், ஆனால் எதற்கும் எதிர்க்கட்சி.

"உம்ம மருமகன் பந்தைப் புடிச்சு வச்சில்லா விடுதான்" என்பார். "அது பாஸ் இல்ல வே. பிரசவம் பாக்குது."

"பூப்போல விடுதான். மிளகாய் வத்தலை அரைச்சு அரைச்சு உமக்குப் பூ எதுன்னு மறந்துபோச்சு" என்பேன்.

"ரெண்டு கையும் ஒண்ணாவா படுது? நல்லாக் கண்ணைத் தொறந்து பாரும். விசிலைக் கையில வச்சிருக்கவன்லாம் அவன் அழகைப் பாத்துட்டு ஊத மறந்துருதான்."

"பந்து சுத்துதா? ரெண்டு தொட்டா பந்து சுத்தும். சுத்தலைன்னா சுத்தம். அம்புட்டுத்தான் சட்டம்."

இப்படியே போகும். டீ ஆறும், மறுபடி சூடு பண்ணித் தருவார்கள். அதெல்லாம் நடக்கும்போது அவன் இந்தச் சுவரில் பந்து போட்டுக்கொண்டு இருப்பான். சாயங்காலமானால் வந்துவிடுவான். தப். தப். தப். ஒவ்வொன்றும் ஒரே சத்தம். அந்தச் சத்தத்தைக் காட்டித்தான் நான் வாதாடுவேன். கேட்டீரா, ஒன்றா ரெண்டா, சொல்லும் என்பேன். குலசேகரன் டீயை ஊதுவார். ஒருநாள் எல்லார் முன்னாலும் சொன்னேன்: "என் மருமகன் கையில என்னைக்காவது ரெண்டு தொடுதல் விழுந்துச்சுன்னா, இந்த மீசையை எடுத்து உம்ம மில்லுல போட்டு அரைச்சிரும்."

பாரும். மீசை இருக்கிறது.

இரும்... இல்லை. அது அணில்.

எங்கள் பக்கத்து ஆட்டத்தில் ஒரு வழக்கம். பந்து ஒருவன் விரலில் லேசாக உரசி வெளியே போகும். பார்க்கிறவனுக்குத் தெரியாது, பட்டவனுக்குத் தெரியும். பட்டவன் கையைத் தூக்கவேண்டும். விசில் ஊத ஆள் இல்லாத காலத்தில் வந்த வழக்கம். பிறகு ஏணி போட்டு அம்பயரை உட்கார வைத்தார்கள். வழக்கம் போகவில்லை. ஆட்டம் தொடங்குமுன் ரெண்டு பக்கமும் பந்தில் கை வைத்து, பட்டால் சொல்வோம் என்று சொல்லிவிட்டுத்தான் ஆடுவார்கள். வேதக்கோயில் மைதானத்து ஆட்டம் அல்லவா.

ஆனால் அது உரசலுக்கு. கவனியும். உரசலுக்கு மட்டும். செட்டர் ரெண்டு தொட்டால் கை தூக்கவேண்டும் என்று எவனும் சொன்னதில்லை, எவனும் தூக்கியதில்லை. அதைப் பார்த்து ஊதத்தானே ஏணியில் ஒருவனை ஏற்றி வைத்திருக்கிறது.

இனி ஆட்டத்துக்கு வருகிறேன்.

தங்கையாபுரத்தில் அசனப் பண்டிகை. வருஷத்துக்கு ஒருநாள் கோயிலில் பெரிய சாப்பாடு, சுற்று வட்டாரமே வரும். முந்தின நாள் வாலிபால். கோப்பை ஜெயித்த ஊருக்கு மறுநாள் முதல் பந்தி. தோற்ற ஊரெல்லாம் வாளி தூக்கிப் பரிமாறும். எங்கள் ஊர் பரிமாறிப் பரிமாறியே கை காய்த்துப் போயிருந்தது. கனிராஜ் வந்தபிறகுதான் இறுதி ஆட்டம் வரைக்கும் வந்தோம்.

எதிரே தங்கையாபுரம். கடைசி செட். ஒரு பாயிண்ட் எடுத்தால் கோப்பை எங்களுக்கு. பந்து வந்தது. பின்னால் எடுத்தவன் தப்பாக எடுத்துவிட்டான். பந்து கோட்டுக்கு வெளியே, தாழ்வாகப் போயிற்று. வேறு செட்டர் என்றால் விட்டிருப்பான். இவன் ஓடினான். உடம்பு வலைக்கு முதுகு காட்டி நிற்கிறது. திரும்பக்கூட நேரமில்லை. குனிந்து, பின்பக்கமாக, தலைக்கு மேலே தூக்கிக் கொடுத்தான். அப்படி ஒரு பாஸை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. லாசர் அடித்தான். பந்து அவர்கள் கோட்டுக்குள் விழுந்தது.

சுற்றியதா என்றால்? யார், பந்தா?

வெயில் எதிரே. வாசிக்க முடியவில்லை.

கூட்டம் உள்ளே பாய்ந்தது. நான் துண்டை மேலே எறிந்தேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் லாசரைத் தூக்கிவிட்டார்கள். குனிந்து துண்டை எடுத்து நிமிர்கிறேன், விசில். கூட்டம் அடங்கிவிட்டது. எல்லாரும் ஒரே பக்கம் பார்க்கிறார்கள். கனிராஜ் வலைக்குப் பக்கத்தில் நிற்கிறான். வலது கை இப்படி, நெற்றிக்கு மேலே. அப்படியே கீழே வந்தது. பாயிண்ட் அவர்களுக்கு என்று அம்பயர் கை காட்டினார்.

அதற்குப் பிறகு ரெண்டு பந்து. ரெண்டும் எங்கள் பக்கம் நிற்கவில்லை. முடிந்தது.

மறுநாள் பந்தி. தங்கையாபுரத்துக்காரன் உட்கார்ந்திருக்கிறான், நாங்கள் வாளியோடு நிற்கிறோம். கனிராஜ் சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டு போகிறான். முகத்தில் ஒரு வாட்டம் வேண்டாமா. சிரித்துச் சிரித்துப் போடுகிறான். அவர்கள் செட்டர் எழுந்து இவன் தோளில் கை போட்டுப் பக்கத்தில் உட்கார வைக்கப் பார்க்கிறான். கிழவிகள் கன்னத்தைத் தடவுகிறார்கள். குலசேகரன் இருக்கிறாரே, அத்தனை வருஷம் அவன் கையைப் பழித்த மனிதர், என்னிடம் வந்து கண் கலங்கிச் சொல்கிறார்: "வே, இனிமே அந்தப் பையனைப் பத்தி ஒரு வார்த்தை பேசமாட்டேன். நீரு வளத்த பிள்ளை. மீசையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

வேண்டாமாம். அவர் யார் எனக்கு விட்டுக்கொடுக்க. நான் சாம்பார் வாளியோடு நிற்கிறேன். நெற்றியில் வேர்வை வழிந்து கண்ணில் இறங்குகிறது. கையைத் தூக்கிப் புறங்கையால் துடைத்தேன்.

அப்போதுதான் உறைத்தது.

மேற்கு வெயில். அத்தனை ஓட்டம். வேர்வை கண்ணில் இறங்கியிருக்கும். கையைத் தூக்கித் துடைத்திருக்கிறான். ஏணியில் இருந்த ஆசீர் வாத்தியார் வழக்கப்படி கை தூக்கினான் என்று நினைத்து ஊதிவிட்டார். இதுதான் நடந்தது. நீரே செய்து பாரும். கையைத் தூக்கி... வேண்டாம், வேண்டாம். இறக்கும். சும்மா மனதில் நினைத்துப் பாரும்.

வாளியை அங்கேயே வைத்துவிட்டு அவனிடம் போனேன்.

"லே, நீ வேர்வைதானே துடைச்ச?"

"இல்ல மாமா. ரெண்டு தொட்டுட்டு. வலது கை முந்திட்டு."

"உனக்கு எப்படிலே தெரியும்?"

"என் கை மாமா."

"ஆடுதவனுக்கு என்ன தெரியும்? கரையில நிக்கவனுக்குத்தான் தெரியும். நான் பாத்தேன். நீ துடைச்ச."

சிரித்தான். "சாம்பார் ஆறுது மாமா" என்று போய்விட்டான்.

அதற்குப் பிறகு ஊர் ரெண்டாகப் பிரிந்தது என்று சொல்லமாட்டேன். ஊர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவன் கட்சியில் நான் ஒருவன்தான். அதைத்தான் ஒருவரும் புரிந்துகொள்ளவில்லை. அவன் தப்பே செய்யவில்லை என்று சொன்ன ஒரே ஆள் நான். மற்றவனெல்லாம் தப்புச் செய்தான், ஒத்துக்கொண்டான், நல்ல பையன் என்கிறான். அது புகழ்ச்சியா? நீரே சொல்லும்.

தினமும் பேசினேன். டீக்கடையில் பேசினேன், கோயில் முற்றத்தில் பேசினேன், பஸ்ஸில் பேசினேன். அவன் இங்கே சுவரில் பந்து போடும்போது கூப்பிடுவேன். கடைக்கு முன்னால் நிறுத்துவேன். "எப்படித் துடைச்சன்னு காட்டு. இவங்க பாக்கட்டும்" என்பேன். நிற்பான். கை ரெண்டும் கீழே தொங்கும். நான் என் கையைத் தூக்கிக் காட்டுவேன், இப்படித்தானே என்பேன். தரையைப் பார்ப்பான். ஒருநாள் ரெண்டுநாள் இல்லை. அடுத்த அசனம் வரைக்கும் கூப்பிட்டேன். ஒருவன் மனம் மாறினால்கூட லாபம்தானே.

பிறகு அவன் சாயங்காலம் சுவருக்கு வருவதை விட்டான். காலையில், நான் ஜெபத்துக்குப் போகிற நேரம் பார்த்து வந்தான். அந்த நேரத்திலும் நான் வந்தேன்.

ஒருநாள் கும்பிட்டான். "மாமா, விட்டுருங்க. நான் மறந்துட்டேன். நீங்களும் மறந்துருங்க." எப்படி மறப்பது? அநியாயம் நடந்திருக்கிறது.

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். அசனக் கமிட்டியில் நல்லவர்கள் இருந்தார்கள். கனிராஜ் வந்து, வேர்வை துடைத்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் மறு ஆட்டம் வைப்பதைப் பற்றிப் பேசலாம் என்று வாயை விட்டுவிட்டார்கள். என் தொந்தரவு தாங்காமல் சொன்னதாகப் பிறகு சொன்னார்கள். எப்படியோ. நான் ஞானம் வீட்டுக்குப் போனேன். "கமிட்டியில வந்து சொல்லட்டும். சொன்ன மறுநாள் கல்யாண ஓலை எழுதி, நாள் பாப்போம்" என்றேன்.

"சொல்லலன்னா?" என்றாள்.

"அவசரம் இல்ல. சொல்லுத வரைக்கும் இருக்கட்டும்."

கல்யாணத்தை நான் நிறுத்தினேன் என்று ஊரில் சொல்வார்கள். நம்பாதீர். நிறுத்தவில்லை. தள்ளித்தான் வைத்தேன்.

வீட்டில் எப்சிபா வந்து முன்னால் நின்றாள். எனக்கு முன்னால் நின்று பேசுகிற பிள்ளை இல்லை. "அப்பா, அவுக கை தூக்குனாகப்பா. நான் பாத்தேன். எல்லாரும் லாசரைத் தூக்கிட்டு ஆடும்போது அவுக மட்டும் தனியா நின்னு தூக்குனாக. எனக்கு அன்னைக்குத்தான்..." என்றாள். முடிக்கவில்லை. அன்றைக்குத்தான் என்ன என்று நானும் கேட்கவில்லை. பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் வெயில் நேரே அடிக்கும். கண் கூசியிருக்கும் என்றேன். உள்ளே போய்விட்டாள்.

என்ன மணி? சரி.

அவன் பம்பாய்க்குக் கிளம்பினான். கட்டட வேலை. இதே ஸ்டாப். இதே நேரம். பையைக் கீழே வைத்துவிட்டு இதே சுவரில் சாய்ந்து நின்றான். ஞானம் வரவில்லை, வீட்டிலேயே அழுதுகொண்டு கிடந்தாள். நான்தான் வந்தேன். வழியனுப்ப ஒரு ஆள் வேண்டாமா.

அவனிடம் சொன்னேன்: "கமிட்டி வேண்டாம். டீக்கடை வேண்டாம். எவன் முன்னாலும் சொல்ல வேண்டாம். எங்கிட்ட மட்டும் சொல்லு. நாம ரெண்டு பேர்தான் இருக்கோம். வேர்வை துடைச்சேன்னு என் காதுல சொல்லு. இந்தப் பையை நானே தூக்கிட்டு வீட்டுக்கு வாரேன். நாளைக்கே உனக்கு எப்சிபா."

இதைவிட ஒருவன் எவ்வளவு இறங்குவான்?

அவன் என்னையே பார்த்தான். வாயைத் திறந்தான். சொல்லிவிடுவான் என்றே நினைத்தேன். உதடு அசைந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. பஸ் வந்து நின்றது. "வாரேன் மாமா" என்று ஏறிவிட்டான்.

பஸ் நகர்ந்தது. அந்தப் புளியமரம் இருக்கிறதே, அதைத் தாண்டும்போது ஜன்னலில் கை வெளியே வந்தது. நேராக. விரலெல்லாம் விரிந்து. வளைவு திரும்புகிற வரைக்கும் அப்படியே நின்றது.

போய்வருகிறேன் என்று காட்டியிருப்பான் என்று நினைக்கிறீர். கை அசையவே இல்லையே. போய்வருகிறேன் என்றால் அசைக்கமாட்டானா?

வெக்கை. பஸ்ஸுக்குள் காற்று வராது. காற்றுக்காகக் கையை வெளியே நீட்டியிருப்பான்.

மூன்று வருஷம் போலப் போயிற்று. ஒருநாள் ஞானம் வீட்டுக்குப் போன் வந்தது. சாரம் சரிந்துவிட்டது. பெட்டியில் கொண்டுவந்தார்கள்.

நான் கால்மாட்டில் நின்றேன். முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தேன். கட்டைவிரல் ரெண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். எல்லாருக்கும் கட்டுவதுதான். ஆனால் அந்தக் கட்டைவிரல். அதில்தான் பந்து வந்து நிற்கும். ரெண்டும் ஒரே சமயத்தில். "கட்டை அவுத்துவிடுங்க. கை ஃப்ரீயா இருக்கட்டும்" என்றேன். ஒருவரும் அவிழ்க்கவில்லை. குலசேகரன் என் தோளைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தார்.

வெளியே பந்தலில் ஆசீர் வாத்தியார் உட்கார்ந்திருந்தார். வயசாகிவிட்டது. நடக்க முடியாமல் ஆட்டோ வைத்து வந்திருந்தார். ஏன் வந்தார்? மனச்சாட்சி உறுத்தியிருக்கும். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இந்த ஆளைத் தனியாகப் பிடிக்க எத்தனை நாள் காத்திருந்தேன்.

"வாத்தியாரே, இப்பவாவது சொல்லும். எதுக்கு ஊதுனீரு?"

"பாக்கியநாதன், இங்க வச்சா?"

"இங்க வச்சுத்தான்."

அவர் பெட்டி இருந்த பக்கம் பார்த்தார். பிறகு சொன்னார்: "ரெண்டு தொட்டது எனக்குத் தெரியல. காதுலயும் விழல. பாயிண்ட் உங்களுக்குன்னு குடுக்கப் போனேன். இவன் கையைத் தூக்கினான். எனக்கும் அந்தப் பாஸ் அவ்வளவு பிடிச்சிருந்துது. பாக்காத மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன். ஏணிக்கு நேரா நடந்து வந்தான். என் முகத்தைப் பாத்து நின்னு, மறுபடியும் தூக்கினான். அப்புறம்தான் ஊதினேன். நான் ஊதினதில்ல அது. அவன் ஊதினது."

கேட்டீரா. பார்த்தும் பாராத மாதிரி திரும்பிக்கொண்டாராம். அவர் வாயாலேயே சொல்கிறார். இவரா நடுநிலை?

ரெண்டு தடவை தூக்கினானே என்று நீரும் கேட்கிறீர். அவரும் அப்படித்தான் என்னைப் பார்த்தார். "கண்ணு ரெண்டு இருக்கே வாத்தியாரே. ஒரு கண்ணுக்கு ஒரு தடவை துடைச்சிருப்பான்" என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அழுகிறவர்களைத் தாண்டி, ஆட்டோவுக்குப் போய்விட்டார்.

ஞானம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வாசலில் நின்றிருக்கிறாள். நான் கவனிக்கவில்லை. தலைமுடி கலைந்து, குரல் போய், காற்றுதான் வருகிறது.

"அண்ணே, எம்பிள்ளை கை தூக்கினான். தூக்கினான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்து அழு. இல்லன்னா உன் மீசையைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போ."

செத்த வீட்டில் வந்து பொய் சொல்லச் சொல்கிறாள்.

வந்துவிட்டேன். கல்லறைக்குப் போகவில்லை. இங்கே வந்து, இதோ இந்தப் பெஞ்சில் உட்கார்ந்தேன். அங்கே கோயிலில் அடக்கத்துக்கு மணி அடிக்கிறது. அப்போதுதான் முதல் தடவை கேட்டது.

சுவரில்.

பந்துச் சத்தம்தான். வேறென்ன. ஊரே அடக்கத்துக்குப் போயிருக்கிறது. தெருவில் நாய்கூட இல்லை. எழுந்து பின்பக்கம் போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. சுவரில் கை வைத்தேன். உள்ளங்கையில் அதிர்ந்தது.

அன்றிலிருந்து தினமும். இந்த நேரத்துக்கு. எனக்குப் பயமில்லை. என் மருமகன், என் தங்கை மகன். எனக்கு என்ன பயம்? பயம் என்றால் தினமும் வந்து உட்காருவேனா?

ஒரு விஷயம்தான் எனக்கு ஒத்துவரவில்லை. அதற்காகத்தான் வெளியூர் ஆளாகப் பார்த்து உட்கார வைக்கிறேன். உயிரோடு இருக்கும்போது அவன் போட்ட பந்து ஒரே சத்தம். தப். உமக்குச் சொன்னேன் அல்லவா. ஊரே கேட்டது. இப்போது கேட்பது அப்படி இல்லை. தத்தப். ஒன்று முந்தி, ஒன்று பிந்தி. தத்தப். தத்தப். என் காது என்று நினைத்தேன். திருநெல்வேலியில் காட்டினேன். காது நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர்.

ஒருநாள், ஒரே ஒருநாள், அது ஒரே சத்தமாகக் கேட்கட்டும். எழுந்து போய்விடுவேன். அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டேன். அவனிடம் சொல்லியும் பார்த்தேன். சுவரைப் பார்த்துத்தான், வேறெங்கே சொல்ல. "லே, ஒரு தடவை ஒழுங்காப் போடுலே" என்றேன். கேட்கமாட்டான். அப்போதும் அப்படித்தான். வாய் பேசாது, பிடிவாதம்.

பேசாதீர். இப்போது.

கேட்டதா?

சுவரைப் பாராதீர், கேளும். அந்தா. மறுபடியும்.

ஒன்றா ரெண்டா?

ஒன்றுமே கேட்கவில்லையா. பஸ்ஸில் வந்த இரைச்சல், உமக்குக் காது அடைத்திருக்கும். போன வாரம் வந்த மருந்துக் கம்பெனிக்காரரும் இதையேதான் சொன்னார். எவனுக்கும் கேட்பதில்லை.

எப்சிபாவுக்குக் கேட்கும். எனக்குத் தெரியும். அந்த முக்கில் பச்சைக் கதவு வீடு, எங்கள் வீடு. பக்கத்து ஊர் மிஷன் பள்ளியில் டீச்சராக இருக்கிறாள். கல்யாணம் வேண்டாம் என்றாள், நானும் வற்புறுத்தவில்லை. பள்ளியில் நன்றாகப் பேசுவாளாம், பிள்ளைகளைச் சிரிக்க வைப்பாளாம். வீட்டில் பேச்சு இல்லை. சோறு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், மாத்திரை வைப்பாள். ஒரு குறை சொல்ல முடியாது. நான்தான் தினமும் கேட்பேன்: "எப்சி, இன்னைக்குச் சுவர்ச் சத்தம் கேட்டுச்சா?"

வாயால் பதில் வராது. அடுப்பைப் பார்த்தபடியே வலது கையைத் தூக்குவாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருப்பாள். பிறகு இறக்கிவிட்டுச் சோற்றைக் கிளறுவாள்.

அடுப்படி வெக்கை. வேர்வை துடைக்கிறாள்.

அந்தா, வந்து நிற்கிறாள் பாரும், கதவுப் பக்கம். நீலச் சேலை. டீ போட்டாயிற்று என்றால் இப்படி வந்து நிற்பாள். கூப்பிடமாட்டாள். இப்போது தூக்குவாள் பாரும். அந்தா.

வெயிலுக்கு. கண்ணுக்கு நேரே அடிக்கிறதல்லவா, மறைக்கிறாள். மேற்கே பார்த்த வாசல்.

அவளுக்கும் தலை நரைத்துவிட்டது.

பஸ் வந்துவிட்டது. எழும்பும். பையை எடும். தீர்ப்பா? இப்போது என்னத்தைச் சொல்லப் போகிறீர், உம்ம முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. நீரும் அவர்கள் கட்சிதான். சரி, போம். எனக்கென்ன, நாளைக்கு வேறு ஆள் வருவான்.

முன்பக்கம் ஏறும், பின்பக்கம் படி உடைந்திருக்கிறது. இடது பக்கம் ஜன்னல் சீட்டு கிடைக்கும், காற்று வரும்.

ஓய், ஒன்று மட்டும். பஸ் அந்தப் புளியமரத்தைத் தாண்டும்போது இந்தக் கிழவனை நினைத்து மனது இளகும். எல்லாருக்கும் இளகுகிறது. திரும்பிப் பாரும், வேண்டாம் என்று சொல்லவில்லை.

கையை மட்டும் தூக்காதீர்.